மார்சேயில் முடி இறக்கினேன்

1

இன்று கார்த்திகை தீபம். இங்கே அகல் கிடைக்காது. கோப்பைக்கு அடியில் வைக்கும் பீங்கான் தட்டில் ஆலிவ் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். மார்சேயில் இந்த மாதங்களில் வடக்கிலிருந்து ஒரு காற்று அடிக்கும். கதவு, கண்ணாடி, எலும்பு எல்லாவற்றையும் ஆட்டிவிட்டுப் போகும். ஏற்ற ஏற்ற அணைத்தது. கடைசியில் தட்டை எடுத்து வந்து அடுப்படியில் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டாலும் இதற்கு மேல் எனக்கு என்ன செய்துவிடப் போகிறார்?

என்னை உங்களுக்குத் தெரிய வழியில்லை. திருத்தணி ரயிலடியில் குதிரை வண்டி ஓட்டிய எங்கள் நைனாவை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். ரயில் வந்து நின்றதும் மலையடிவாரத்துக்கு ஆள் கூப்பிடுகிற குரல்களில் அவர் குரல்தான் பெரியது. அவருடைய மூத்த மகள் வள்ளியம்மா நான். அத்தையைப் புதுச்சேரியில் கொடுத்திருந்தார்கள். அத்தை மகன் முனிரத்தினத்தை எனக்குக் கட்டி வைத்தார்கள். நான் பாவா என்று கூப்பிடுகிற அவருக்குப் பிரெஞ்சுக்காரர்களின் கப்பலில் கொதிகலனுக்குக் கரி தள்ளுகிற வேலை. ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் என்னையும் கைக்குழந்தை தணிகாவையும் அவர்கள் தேசத்தில் இருக்கும் இந்தத் துறைமுகத்துக்கு அழைத்து வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்றார். பத்து வருஷம் ஆகிறது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பனியைப் பற்றியும் மின்சார வண்டியைப் பற்றியும் பத்திரிகைக்கு எழுதுகிறார்கள். எனக்கும் எழுதத் தெரியும்; மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். ஆனால் நான் எழுதப்போவது என் தலைமுடியைப் பற்றி. திருத்தணிக்காரர்களைத் தவிர வேறு யாரும் இதை நம்ப மாட்டார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். இன்று காலையில் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதை எழுதக் கை வராது.

2

வந்த புதிதில் எல்லாமே தலையால் வந்த வம்புதான். கடைக்காரன் "ரொட்டி வேண்டுமா?" என்று கேட்பான். நான் நம் ஊர் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவேன். அவன் ரொட்டியை எடுத்து உள்ளே வைத்துவிடுவான். நான் நின்றுகொண்டே இருப்பேன். அவன் மறுபடி கேட்பான், நான் மறுபடி ஆட்டுவேன். பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். வேண்டும் என்பதற்குத் தலையை மேலும் கீழும் இடிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்குள் பல நாள் ரொட்டி இல்லாமல் வீடு திரும்பினேன். பாவா கப்பலில் இருந்தார். குழந்தைக்கு வேகவைத்த உருளைக்கிழங்கு கொடுத்தேன்.

நாங்கள் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் பெண்களுக்கான சலூன் ஒன்று இருந்தது. நடத்தியவள் மதாம் ரோஸ். குண்டு உடம்பு, பெரிய சிரிப்பு, விரலெல்லாம் மருந்துக் கறை. ஒருநாள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். கூரையிலிருந்து ஒரு இரும்பு வளையம் தொங்கியது. அதிலிருந்து கறுப்புக் கம்பிகள் இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் முடியைக் கற்றை கற்றையாகக் கவ்விக்கொண்டிருந்தன. அவள் தலையிலிருந்து புகை வந்தது. அவளோ படக் காகிதம் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் "ஐயோ, கரண்டு!" என்று அலறிக்கொண்டு சுவரிலிருந்த கம்பியைப் பிடுங்கப் போனேன். மதாம் ரோஸ் என்னை இடுப்போடு கட்டிப் பிடித்து நிறுத்தினாள். முடியைச் சுருளாக்குகிற இயந்திரமாம் அது. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் அழுது தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதிலிருந்து நாங்கள் சிநேகிதிகள். எனக்கு அப்போது முழங்காலைத் தொடும் முடி. அதில் எண்ணெய் இருப்பதைப் பார்த்து, பாவம், தண்ணீர் வசதி இல்லாத ஊரிலிருந்து வந்தவள் போலிருக்கிறது என்று நினைத்து, சோப்புப் போட்டு மாங்கு மாங்கென்று தேய்த்து அலசிவிட்டாள். நான் வீட்டுக்குப் போய் மறுபடி எண்ணெய் வைத்தேன். அடுத்த வாரம் அவள் மறுபடி அலசினாள். வாய் திறந்து சண்டை போடாமலே எங்களுக்குள் இந்தச் சண்டை ஒரு வருஷம் நடந்தது. கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் என்னை உட்கார வைத்து மெதுவாகச் சீவுவாள். வாடிக்கைக்காரிகளிடம் என் பின்னலைத் தூக்கிக் காட்டுவாள். அவளுக்குச் சொந்தமாகப் பெண் குழந்தை இல்லை.

எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், நான் சலூனைக் கண்டு பயந்த பெண்ணும் அல்ல, அதன் வழக்கம் தெரியாத பெண்ணும் அல்ல. அடுத்து வருவதைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

3

சண்டை வந்தது. பாவாவின் கப்பல் ஆப்பிரிக்கக் கரைக்குப் போயிருந்தபோது, கடலுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரர்களும் அமெரிக்கர்களும் இறங்கினார்கள். இந்தப் பக்கம் ஜெர்மன் பட்டாளம் மார்சேய்க்குள் வந்துவிட்டது. கப்பல் ஆபீஸில் போய்க் கேட்டால் தோளை உயர்த்துவார்கள். தோளை உயர்த்தினால் "தெரியாது" என்று அர்த்தம். அந்த ஒன்றைக் கற்றுக்கொள்ள எனக்கு நாளே ஆகவில்லை.

மதாம் ரோஸ் ஒரு சலவைக்கூடத்தில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தாள். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள்தான் அங்கே வரும். பிறகு ஓட்டல்களைப் பட்டாளம் எடுத்துக்கொண்டதால் விரிப்பும் பட்டாளத்து விரிப்பு ஆயிற்று. ஒரு சிப்பாய் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்குவான். "நாளைக்கு?" என்பான். "நாளைக்கு" என்பேன். என் ஆயுளில் ஒரு ஜெர்மன்காரனோடு நான் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

தணிகாவுக்கு விலா எலும்பு தெரிந்தது. பாவா இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொள்வது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒருநாள் விடியற்காலையில் குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு, வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அப்போதுதான் வாய்விட்டு வேண்டிக்கொண்டேன். "முருகா, அவரு உசுரோட கீறாருன்னு ஒரு சேதி குடு. என் முடிய மொத்தமா உனக்கே குடுத்துடறேன்."

இரண்டாம் வருஷம் ஆகஸ்டில் ஜெர்மன் பட்டாளத்திடமிருந்து ஊர் விடுபட்டது. தேவாலய மணிகள் அடித்தன, தெருவெல்லாம் பாட்டு. நான் மாடி ஜன்னலில் நின்றிருந்தேன். தெருக்கோடியிலிருந்து ஒரு கும்பல் தகரத்தில் தாளம் தட்டிக்கொண்டு கூச்சலோடு வந்தது. நடுவில் ஒரு பெண். முழு மொட்டை. நெற்றியில் ஏதோ பூசியிருந்தது. அழுதுகொண்டே நடந்தாள்.

நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? நைனாவின் வண்டியில் காலையில் முடியோடு ஏறுகிற பெண்கள் சாயங்காலம் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு திரும்புவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். மேளம் வாசித்து, அரோகரா சொல்லித்தான் அவர்களை அழைத்து வருவார்கள். அவர்களில் எத்தனையோ பேர் அழுதுகொண்டுதான் மலையிலிருந்து இறங்குவார்கள். பிள்ளை பிழைத்திருக்கும், புருஷன் எழுந்து உட்கார்ந்திருப்பான். அழாமல் என்ன செய்வார்கள்? இந்த ஊரிலும் இந்த வழக்கம் உண்டா என்று எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சண்டை முடிந்து வேண்டுதலைச் செலுத்துகிறாள் என்று நினைத்தேன். ஜன்னலில் நின்றபடி அவளைப் பார்த்துக் கைகூப்பினேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பார்த்த மாதிரிதான் இருந்தது.

4

குளிர் தொடங்கியபோது, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த கப்பல்காரர் ஒருவர் வீட்டு வாசலில் நின்று சேதி சொன்னார். முனிரத்தினம் உயிரோடு இருக்கிறான், அங்கே ஒரு துறைமுகத்தில் வேலை செய்கிறான், கிடைக்கிற கப்பலில் ஏறி வந்துவிடுவான். அவர் காலில் விழுந்துவிட்டேன். அவர் பயந்து போய்ப் படியில் பின்னால் இறங்கினார்.

கடலில் இன்னும் கண்ணிவெடிகள் மிதந்துகொண்டிருந்த காலம் அது. வேண்டியது கிடைத்த பிறகு கொடுக்க வேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு அவரைக் கப்பலில் ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை. திருத்தணிக்குப் போகக் கப்பல் ஏது? தூரதேசத்தில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிற இடத்திலேயே முடி இறக்கி, மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்து, பிறகு கொண்டுவந்து மலையில் சேர்ப்பதுண்டு. ரங்கூனிலிருந்து வந்த ஒரு அம்மாள் அப்படி ஒரு முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு நைனாவின் வண்டியில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பஞ்சாங்கம் இல்லாத ஊரில் கணக்குத் தப்பாமல் கண்டுபிடிக்கக்கூடிய நாள் கார்த்திகை தீபம்தான். நிலா நிறைந்த நாள் பார்த்துக் காத்திருந்தேன்.

அன்றைக்குத் தலைக்குக் குளித்துவிட்டு மதாம் ரோஸிடம் போனேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். "எல்லாம் எடுத்துவிடு. கத்தியால். ஒன்றும் இருக்கக்கூடாது."

அவள் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. "யார் சொன்னது உனக்கு? யார் மிரட்டினார்கள்?"

"யாரும் இல்லை. நானேதான். என் புருஷனுக்காக."

அவள் முகம் வெளுத்தது. கடைக் கதவைச் சாத்தினாள். என் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேகவேகமாக என்னென்னவோ சொன்னாள், அழுதாள். "வேண்டாம்" என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. இவ்வளவு நாள் சீவிச் சீவி வளர்த்த முடி ஆயிற்றே, அதனால் அழுகிறாள் என்று நினைத்தேன். "மறுபடி வளரும்" என்று அவளைத் தேற்றினேன். அவள் இன்னும் அதிகமாக அழுதாள். கத்தியைத் தொட மாட்டேன் என்று இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் துறைமுகத்துப் பக்கம் ஆண்கள் போகும் சலூனுக்குப் போனேன். நான் சொன்னதைக் கேட்டுக் கடைக்காரன் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தான். காத்திருந்தவர்களிடம் ஏதோ சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். நாற்காலியைத் திருப்பித் தெருவைப் பார்த்துப் போட்டான். கதவை அகலத் திறந்து வைத்தான். குளிரில் எதற்குக் கதவைத் திறக்கிறான் என்று நான் யோசித்தேனே தவிர, வேறு எதுவும் தோன்றவில்லை.

நம் ஊரில் பொய்கைக்கரையில் முடி எடுப்பவர் முதலில் தலையை நன்றாக நனைப்பார். "எந்த ஊரும்மா, யாருக்கோசரம் வேண்டிகின?" என்று கேட்டுக்கொண்டே கத்தியை வைப்பார். இவன் நனைக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. வறண்ட தலையில் இழுத்தான். எரிந்தது. "பாவாவுக்கோசரம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விழுந்த முடியின் மேல் அவன் மிதித்துக்கொண்டு நின்றான். முடிந்ததும் தரையில் மண்டியிட்டு எல்லாவற்றையும் கூட்டி மஞ்சள் துணியில் வைத்து முடிந்தேன். அதற்கும் சிரித்தார்கள். சந்தனத்துக்குப் பதிலாக மஞ்சள் குழைத்துக் கொண்டுபோயிருந்தேன். அவர்கள் கண்ணாடியிலேயே பார்த்துத் தலை முழுக்கப் பூசிக்கொண்டேன்.

முடி இறக்கிய தலையை மூடக்கூடாது. சந்தனம் காயும் வரை காற்றில் விட வேண்டும். அதனால் முக்காடு போடாமல், முடிச்சை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். இரண்டு வருஷத்துப் பாரம் இறங்கிவிட்ட மாதிரி உடம்பு லேசாக இருந்தது. தெரிந்தவர்களைப் பார்த்தெல்லாம் சிரித்துக்கொண்டு போனேன். அவர்களால் பொறுக்க முடியாமல் போனது அந்தச் சிரிப்பைத்தான் என்று இப்போது தெரிகிறது.

முதலில் கறிக்கடைக்காரி துப்பினாள். கன்னத்தில் விழுந்தது. தெரியாமல் விழுந்திருக்கும் என்று துடைத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு கிழவர் கைத்தடியால் வழி மறித்தார். ஜன்னல்களிலிருந்து ஒரே சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். முட்டைக்கோஸ் தண்டு ஒன்று முதுகில் விழுந்தது. மதாம் ரோஸ் ஓடி வந்து தன் சால்வையை என் தலையில் போட்டு உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் தணிகா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயசு. தமிழ் இன்னும் வாயில் இருந்தது.

"இன்னாமா பண்ணிட்ட? போஷ்காரனோட இருந்த பொம்பளைங்களுக்குத்தான் இப்பிடிப் போடுவாங்க. ஸ்கூல்ல ஒரு பொண்ணோட அம்மாவுக்குப் போட்டாங்க." ஜெர்மன்காரனை இங்கே போஷ் என்பார்கள்.

அப்போதுதான் எனக்கு ஜன்னலிலிருந்து பார்த்த அந்தப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. பிடித்து இழுத்து, மொட்டையடித்து, தார் பூசி, ஊர்வலம் விட்டிருக்கிறார்கள். அவளைப் பார்த்துத்தான் நான் கைகூப்பினேன். அவள் அதை என்னவென்று எடுத்துக்கொண்டாளோ.

"சாமிக்கு நேர்ந்துகினதும்மா இது. நம்ம ஊர்ல எல்லாம் போடுவாங்க. உங்க அப்பா உசுரோட வரணும்னு வேண்டிகினேன். மதாம் கிட்ட அத சொல்லு" என்றேன்.

"சாமிக்கு எதுக்கு முடி?" என்றாள் குழந்தை. திருத்தணியைவிட்டு வந்தபோது அவள் கைக்குழந்தை. மலையும் தெரியாது, பொய்கையும் தெரியாது. அவளுக்குக் காட்ட என்னிடம் ஒரு படம்கூட இல்லை. பிறகு மதாம் ரோஸிடம் திரும்பி மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். மதாம் ரோஸ் என் கையைத் தடவிக்கொடுத்தாள். அந்தத் தடவலில் இருந்தது இரக்கம். குழந்தை என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

5

பாவா மறுமாதம் வந்தார். துறைமுகத்தில் தலையில் துணி கட்டிக்கொண்டு நின்றேன். வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்று அவர் மூட்டையை இறக்கி வைப்பதற்குள் சொன்னேன். சின்ன வயசிலிருந்து எங்களுக்குள் நீ, வா, போ என்றுதான் பேச்சு.

"பாவா, நீ வரணும்னு தணிகைமலைக்கு வேண்டிகினேன். இங்கியே முடி இறக்கிட்டேன். ஊர்ல வேற மாதிரி பேசிகினு கீறாங்க. நீ நம்பாத."

அவர் துணியை விலக்கிப் பார்த்தார். முள்ளாக முளைத்திருந்த தலையை உள்ளங்கையால் தடவினார்.

"ஆங், அதுக்கின்னா? வேண்டுதல்தானே? மொட்ட போட்டாலும் மூஞ்சி அதே மூஞ்சிதானே கீது?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் நாலு வருஷம் பிழைத்தேன். வேறு எந்த அலங்காரமும் இல்லாமல் சொல்கிறேன், அதை வைத்துக்கொண்டுதான் பிழைத்தேன். சலவைக்கூடத்தில் என்னை நிறுத்திவிட்டார்கள். படியில் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நின்றார்கள். தணிகாவோடு யாரும் விளையாட வரவில்லை. ஊரே என்ன நினைத்தால் என்ன, பாவாவுக்குத் தெரியும் என்று இருந்தேன். அவர் திருத்தணியில் மொட்டை போட்டுக் காது குத்திய பிள்ளை. நைனாவின் வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து மொட்டைத் தலைகளை எண்ணி விளையாடியவர். இந்த ஊர் முழுக்கத் தேடினாலும் என்னை நம்பக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

ஒருமுறை கஃபேயில் எவனோ என்னைப் பற்றி ஏதோ சொன்னான் என்று அடித்துவிட்டு உதடு கிழிந்து வந்தார். காயத்தைத் துடைத்துவிட்டபோது, கூச்சமாக இருக்கிறது எழுத, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு எங்களை ஊரின் வேறு மூலைக்குக் குடி மாற்றினார். அந்த விஷயத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசவே இல்லை. பேச என்ன இருக்கிறது, அவர்தான் நம்பிவிட்டாரே என்று நினைத்தேன்.

புது இடத்தில் தணிகா தன் பெயரைப் பிரெஞ்சுக்காரிகள் மாதிரி தனியெல் என்று மாற்றிக்கொண்டாள். டீச்சர் மாற்றினாளா இவளே மாற்றிக்கொண்டாளா தெரியாது. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். பிறகு கேட்டதற்கே பதில் இல்லாமல் போயிற்று. கடைக்குப் போனால் எனக்கு முன்னால் நடப்பாள். அவள் தோழிகள் எதிரில் வந்தால் நான் தெருவைத் தாண்டிப் போய்விடுவேன். அவள் கேட்கவில்லை, நானாகவே பழகிக்கொண்டேன். என் முடி தோளுக்குக் கீழே வளர்ந்துவிட்டது. நான் எண்ணெய் வைத்துச் சீவ உட்கார்ந்தால் பாவா எழுந்து வெளியே போய்விடுவார். எண்ணெய் வாசனை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

6

இந்த வருஷம் கப்பல்கள் ஒழுங்காகப் போகின்றன. மஞ்சள் முடிச்சை இன்னும் எவ்வளவு காலம் பிஸ்கோத்து டப்பாவில் வைத்திருப்பது? போய் வர அனுமதி கேட்டு நானும் தணிகாவும் போன வாரம் சர்க்கார் ஆபீஸுக்குப் போனோம். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு பெஞ்சு, பெஞ்சுக்கு ஒரு வரிசை. பாவா பிறந்த புதுச்சேரி இன்னும் இவர்களுடையது, நான் பிறந்த திருத்தணி சுதந்திரம் வாங்கிக்கொண்ட வேறு நாடு. அப்படியென்றால் நான் யார் என்று அந்த ஆபீஸரால் தீர்மானிக்க முடியவில்லை. திருத்தணி எங்கே என்றார். மெட்ராஸுக்குப் பக்கம் என்றேன். சித்தூர் ஜில்லா என்று ஒரு பழைய தாளில் இருந்ததைக் காட்டி இது வேறா என்றார். அதுவும் அதுதான் என்றேன். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம்.

கடைசியில் எதற்காகப் போகிறாய் என்று கேட்டார். நான் தமிழில் தணிகாவிடம் சொன்னேன். "சாமிக்கு நேர்ந்த முடிய மலைல சேக்கணும்னு சொல்லு."

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். காது மடல்கள் சிவந்தன. ஆபீஸர் பேனாவைத் தட்டினார். அவள் சொல்ல மாட்டாள் என்று தெரிந்ததும் நானே என் அரைகுறைப் பிரெஞ்சில் ஆரம்பித்தேன். என் முடி, சண்டையின்போது, மொட்டை, கடவுள் என்று எனக்கு வந்த சொற்களையெல்லாம் போட்டேன். ஆபீஸர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அதே பார்வை. பக்கத்து மேஜைக்காரியும் பார்த்தாள். தணிகா குறுக்கிட்டு, "சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறாள்" என்று சொல்லி முடித்தாள். வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்.

இன்று காலை காப்பி போட்டுக் கொடுத்தேன். பாவாவுக்கு இன்று வேலை இல்லை. தணிகா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவர் கோப்பையைத் தொடாமல் என்னை உட்காரச் சொன்னார்.

"வள்ளி, ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. ஆபீஸ்காரன் கிட்டல்லாம் அந்த முடிக் கதைய சொல்லிகினு இருக்காத. பொண்ணு பெரிசாயிட்டா. அதுக்கு அவமானமாக் கீது."

"கதையா? இன்னா கதை?"

"விடு வள்ளி. நீ தனியாக் கெடந்த. நான் செத்தனா பொழச்சனான்னு தெரியல. கைல கொழந்த, துன்னறதுக்கு ஒண்ணுமில்ல. யாரா இருந்தாலும் அப்பிடித்தான் ஆகும். நான் அத எப்பவோ மன்னிச்சிட்டேன். கப்பல விட்டு எறங்கினேனே, அன்னிக்கே மன்னிச்சிட்டேன்."

காதில் விழுந்தது. பொருள் வந்து சேர நேரம் பிடித்தது.

"பாவா, நீயும் மலைல மொட்ட போட்டவன்தானே? உனக்குமா தெரியல?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். நேர்ந்துகினவங்க மலைக்குப் போயித்தானே குடுப்பாங்க? இவ்ளோ ஆம்பளைங்க குந்திகினு கீற சலூன்ல, கதவத் தொறந்து வச்சிகினு எந்தப் பொம்பள போயி போட்டுக்குவா? போஷ்காரன் பொம்பளைங்களுக்குப் போட்ட மாதிரிதான் உனக்கும் போட்டேன்னு அந்தக் கடைக்காரனே என் கிட்ட சொன்னான். நீயா போட்டுகினதா நீ சொன்னது என் மனசு நோவக்கூடாதுன்னுதான். அதுக்கோசரம்தான் நானும் ஒண்ணும் கேக்கல."

கஃபேயில் அவர் உதடு கிழிந்து வந்தது ஒரு பொய்யை மறுப்பதற்காக அல்ல. உண்மை என்று அவர் நம்பிய ஒன்றை மூடி வைப்பதற்காக. இந்த நாலு வருஷத்தில் அவர் என்னைத் திட்டியதில்லை, கை ஓங்கியதில்லை, மொட்டையடிபட்ட மற்ற பெண்களின் புருஷன்கள் மாதிரி விட்டுவிட்டுப் போகவும் இல்லை. எவ்வளவு நல்லவர் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த நல்ல மனசோடு என்னை ஒருநாள்கூட அவர் நம்பியதில்லை. அடித்துக் கேட்டிருந்தால்கூட மலைமேல் சத்தியம் செய்திருப்பேன். கேட்கவே இல்லாதவருக்கு எதைச் சொல்லி நிரூபிப்பது?

தணிகா பையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். பக்கத்தில் மண்டியிட்டு என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். எவ்வளவோ காலமாக என்னைத் தொடாத பெண். பிறகு, மறந்துபோன சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, தமிழில் சொன்னாள்.

"நானும்தாம்மா. நானும் மன்னிச்சிட்டேன்."

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த வீட்டில் இவ்வளவு அன்பை நான் ஒருசேரப் பார்த்ததில்லை. இல்லை என்று சொன்னால் அந்தக் கை என் கையை விட்டுவிடும்.

"சரிம்மா" என்றேன்.